அமெரிக்கா கடல் தாண்டியதும் உலகப் போரில் இறங்கியதும் ஒரே கதையா? (1898 – 1917)

கடலோடி எழுதியது:

முதல் உலகப் போரைப் பற்றிப் படிக்கும்போது அமெரிக்காவுக்கு நம் பாடப் புத்தகங்கள் ஒதுக்குவது ஒரு பத்திதான். லூசிட்டானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, அமெரிக்கர்கள் கொதித்தெழுந்தார்கள், போரில் இறங்கினார்கள். ஆனால் லூசிட்டானியா மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து வந்த போருக்கு அந்தக் கோபம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். அமெரிக்கா பிரான்சுக்குப் படை அனுப்பிய பாதை 1898-ல், ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவிலும் மணிலாவிலும் போடப்பட்டது. பிரான்சில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜான் பெர்ஷிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898-ல் கறுப்பின வீரர்கள் அடங்கிய 10-வது குதிரைப்படையில் அதிகாரியாகக் கியூபாவில் சண்டை போட்டவர். அப்புறம் பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில் மோரோ முஸ்லிம்களை அடக்கப் போனார். 1913-ல் ஹோலோ தீவில் பட் பக்சாக் என்ற மலை உச்சியில் அடைந்து கிடந்தவர்களை அவர் படை தாக்கியபோது நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1916-ல் மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவைத் துரத்திக்கொண்டு மெக்சிகோவுக்குள் போனதும் இவர்தான், 1917-ல் பிரான்சுக்கும் இவரையே அனுப்பினார்கள். அடுத்து டாஸ்கர் பிளிஸ். 1898 போர் முடிந்ததும் கியூபாவின் சுங்கத்துறை அவர் கையில் இருந்தது, பிறகு மோரோ மாகாண ஆளுநர், உலகப் போரின்போது வெர்சாயில் கூடிய நேச நாடுகளின் உச்சப் போர்க்குழுவில் அமெரிக்கப் பிரதிநிதி. 1898 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிரந்தரத் தரைப்படை 28,000 பேர் அளவில்தான் இருந்தது. கடல் கடந்த நாடுகளைப் பிடித்து ஆளும் பழக்கமே அந்தப் படைக்கு அந்த வருஷம்தான் வந்தது.

ஸ்பெயினோடு நடந்த போர் நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. 1898 டிசம்பர் 10-ல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் அமெரிக்காவுக்கு, பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர். பிலிப்பைன்ஸ் தரப்பில் ஃபெலிப்பே அகோன்சில்யோ பாரிஸ் வரைக்கும் போயும் அவரைப் பேச்சுவார்த்தையில் சேர்க்கவில்லை. கியூபாக்காரர்களுக்கும் அங்கே இடமில்லை. எந்த மக்களின் நாட்டைக் கைமாற்றினார்களோ அவர்களில் ஒருவர்கூட மேசையில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உப்புக்காற்று எழுதியது:

கடலோடி சார், ஆட்கள் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. எந்த நாட்டிலும் ராணுவ அதிகாரி முந்தைய போரிலிருந்துதான் வருவார். 1917 ஜனவரி 9-ல் சைலீசியாவில் பிளெஸ் கோட்டையில் ஜெர்மனியின் தலைவர்கள் கூடி எடுத்த முடிவு இல்லாமல் அமெரிக்கப் போர் இல்லை. கடற்படைத் தளபதி ஹோல்ட்சன்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்: மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் 5 மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும், அமெரிக்கா வந்தாலும் அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கணக்கை நம்பி பிப்ரவரி 1-லிருந்து எந்தக் கொடி பறந்தாலும் சுடலாம் என்று நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

அப்போதும் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் உடனே போரை அறிவிக்கவில்லை. பிப்ரவரி 3-ல் தூதரக உறவைத்தான் துண்டித்தார். மார்ச் நடுவில் விஜிலன்சியா, சிட்டி ஆஃப் மெம்பிஸ், இல்லினாய் என்ற மூன்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. அதற்கப்புறம்தான் ஏப்ரல் 2-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் போய் நின்றார். அட்லாண்டிக்கில் நடந்ததற்கும் மணிலாவுக்கும் முடிச்சுப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, 1916-ல் பிலிப்பைன்ஸுக்குப் பின்னாளில் விடுதலை தருவோம் என்று ஜோன்ஸ் சட்டத்தில் எழுதிக்கொடுத்ததும் இதே வில்சன் ஆட்சிதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் பேசுகிறீர்கள்.

1914-ல் நேச நாடுகளுக்கு அமெரிக்கா அனுப்பிய சரக்கு சுமார் 82 கோடி டாலர், 1916-ல் அதுவே சுமார் 320 கோடி. 1915 ஜனவரியிலிருந்து பிரிட்டனுக்கு அமெரிக்காவில் கொள்முதல் செய்து கொடுத்தது ஜே. பி. மார்கன் நிறுவனம். அதே வருஷம் அக்டோபரில் பிரிட்டன், பிரான்ஸ் இரண்டுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன் திரட்டிக் கொடுத்தார்கள். 1917 ஏப்ரல் வரை நேச நாடுகளுக்குப் போன கடன் சுமார் 230 கோடி, ஜெர்மனிக்கு 2.7 கோடி. இவ்வளவு சாய்ந்த தராசை வைத்துக்கொண்டு நடுநிலை என்று சொல்ல முடியுமா? நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் இதை அவையிலேயே சொன்னார், அமெரிக்கக் கொடியில் டாலர் குறியைப் பதிக்கப் போகிறோம் என்று. செனட்டில் போரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 6 பேர்தான், ஆதரவு 82. கீழவையில் 373-க்கு 50. அந்த 50 பேரில் அமெரிக்கக் காங்கிரஸின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கினும் ஒருவர்.

ஆனால் கடன் மூழ்கிவிடும் என்று பயந்து வங்கிக்காரர்கள் போருக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற நேர்கோட்டுக் கதையையும் நான் ஏற்கவில்லை. 1916 நவம்பரில் அமெரிக்க மத்திய வங்கியே வெளிநாட்டு அரசுகளுக்கு பிணை இல்லாத கடன் கொடுக்க வேண்டாம் என்று வங்கிகளை எச்சரித்தது, வில்சனுக்கும் அதில் சம்மதம்தான். பணம் செய்த வேலை வேறு. அமெரிக்கக் கோதுமையும் வெடிமருந்தும் பிரிட்டனைத் தாங்கிப் பிடித்ததால்தான் அந்தச் சரக்கை அறுக்க வேண்டும் என்று ஜெர்மனி முடிவெடுத்தது. உப்புக்காற்று சொன்ன 6 லட்சம் டன் கணக்குக்குப் பின்னால் இருந்தது இந்தச் சரக்குதான்.

பவளப்பாறை எழுதியது:

ஹவாயை யாருமே தொடவில்லையே! 1898-க்கு முன்பே தொடங்கிய கதை அது, முதலில் வந்தது ராணுவம் இல்லை, சர்க்கரை.

1875-ல் போட்ட ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரை தீர்வை இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தீவு முழுக்கக் கரும்பு, தோட்டங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்கார முதலாளிகள் கையில். 1887-ல் அவர்கள் துப்பாக்கி முனையில் மன்னர் கலாகவாவிடம் ஒரு அரசியல் சட்டத்தைத் திணித்தார்கள், அதே வருஷம் பேர்ல் ஹார்பரைப் பயன்படுத்தும் தனி உரிமை அமெரிக்காவுக்குப் போனது. பிறகு 1890-ல் மெக்கின்லி தீர்வைச் சட்டம் வந்தது. எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் தீர்வை ரத்து, உள்நாட்டு விவசாயிக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம். ஹவாய்த் தோட்டக்காரர்களுக்கு இருந்த சலுகை ஒரே நாளில் காணாமல் போனது. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் தாங்களும் உள்நாட்டு விவசாயிகள் ஆகிவிடலாம் என்ற எண்ணம் அவர்களிடம் வலுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

1893 ஜனவரியில் ராணி லிலியோகலானி மக்களின் உரிமையை மீட்கும் புது அரசியல் சட்டம் கொண்டுவர முயன்றார். 16-ம் தேதி பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி அரண்மனைக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டார்கள், மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ஜனாதிபதி கிளீவ்லாந்து, இது அநியாயம் என்று சொல்லி இணைப்பை மறுத்துவிட்டார். 1897-ல் மறுபடி முயன்றபோது ஹவாய் மக்கள் வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். 21,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள், அப்போது அங்கிருந்த பூர்வகுடிகளே சுமார் 40,000 பேர்தான். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காததால் அந்த ஒப்பந்தம் விழுந்தது.

ஆனால் 1898-ல் மணிலா சண்டை வந்தது. மணிலாவுக்குப் போகும் கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்ப ஹவாய் வேண்டும் என்று சொல்லி, ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானமாக அதைக் கொண்டுவந்தார்கள். ஜூலை 7-ல் ஜனாதிபதி மெக்கின்லி கையெழுத்துப் போட்டார். இத்தனை ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டுத் தடுத்த ஒன்றைப் போர் வேகத்தில் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது, நிலம் திரும்பி வரவில்லை.

கடலோடி எழுதியது:

பவளப்பாறைக்கு நன்றி, நான் எழுத நினைத்ததைவிட நன்றாக எழுதிவிட்டீர்கள்.

உப்புக்காற்று நண்பரே, மணிலாவை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1898 ஜூன் 12-ல் எமிலியோ அகினால்டோ காவிட் ஊரில் தன் வீட்டிலிருந்து பிலிப்பைன்ஸ் சுதந்திரத்தை அறிவித்துவிட்டார். அவர் ஆட்கள் மணிலாவைச் சுற்றி வளைத்து, நகரத்துக்குள் இருந்த ஸ்பானியர்களைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 13-ல் என்ன நடந்தது தெரியுமா? பெல்ஜியத் தூதர் மூலமாக ஸ்பானிய ஆளுநரும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரு சண்டை நடத்தினார்கள். ஸ்பானியர்களுக்கு மானம் போகாத அளவுக்குச் சில குண்டுகள், பிறகு வெள்ளைக் கொடி. பிலிப்பைன்ஸ் படை நகரத்துக்குள் நுழையக் கூடாது என்பதுதான் இரண்டு பேருக்கும் பொதுவான நிபந்தனை. அதற்கு முந்தைய நாளே வாஷிங்டனில் போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது, மே மாதமே அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூவி தந்திக் கம்பியை அறுத்துவிட்டிருந்ததால் செய்தி வந்து சேரவில்லை.

1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் எல்லையில் அமெரிக்கக் காவலர்கள் சுட, போர் மூண்டது. இரண்டே நாளில், பிப்ரவரி 6-ல், செனட் பாரிஸ் ஒப்பந்தத்தை 57-க்கு 27 என்று நிறைவேற்றியது. தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம். எதிர்ப்பு அங்கேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், மார்க் ட்வைன், ஆண்ட்ரூ கார்னகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் எல்லாரும் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் இருந்தார்கள். போர் முடிந்ததாக அறிவித்தது 1902 ஜூலை 4-ல். 4,200 அமெரிக்க வீரர்கள், சுமார் 20,000 பிலிப்பைன்ஸ் வீரர்கள், சண்டையாலும் பட்டினியாலும் காலராவாலும் 2 லட்சம் பொதுமக்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சமார் தீவில் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் 10 வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் தூக்கக்கூடிய எல்லாரையும் கொல்லச் சொல்லி உத்தரவு போட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனை கண்டிப்பு மட்டும், பிறகு ஓய்வில் அனுப்பினார்கள்.

இதற்கும் 1917-க்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரால்ஃப் வான் டீமன் என்ற அதிகாரி மணிலாவில் ராணுவத் தகவல் பிரிவில் இருந்தவர். அங்கே ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, அவர் எப்படிப்பட்டவர், அமெரிக்கர்களைப் பற்றி என்ன நினைக்கிறார், யார் யாரோடு உறவு என்று எழுதிவைத்தார்கள். அதே வான் டீமன்தான் 1917 மே மாதம் வாஷிங்டனில் ராணுவ உளவுப் பிரிவைத் தொடங்கியவர், இந்தத் தடவை அட்டையில் ஏறியது அமெரிக்கக் குடிமக்களின் பெயர்கள். ஜூன் மாதம் உளவுச் சட்டம் வந்தது. மறு வருஷம் போருக்கு எதிராக ஒஹையோவில் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு 10 வருஷ சிறை. தீவுகளில் பழகிய முறை வீட்டுக்குத் திரும்பி வந்தது. இதைத்தான் நான் ஒரே கதை என்கிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

போரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு நீங்கள் சொல்வது பொருந்துகிறது. ஏன் இறங்கினார்கள் என்பதற்குப் பொருந்தவில்லை, நான் அங்கேயே நிற்கிறேன்.

சொல்லப்போனால் காலனிகள் அமெரிக்காவைத் தயங்க வைத்தன. பிலிப்பைன்ஸ் வேண்டும் என்று முன்னால் நின்றவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவரே ஜனாதிபதியாக இருந்த 1907-ல் தன் போர்த்துறை அமைச்சர் டாஃப்டுக்கு எழுதிய கடிதத்தில் பிலிப்பைன்ஸ் நமக்கு அக்கிலீஸின் குதிகால், அதாவது அடிபடக்கூடிய பலவீனமான இடம், என்கிறார். ஜப்பான் 1905-ல் ரஷ்யாவைத் தோற்கடித்துவிட்டது, மணிலா கலிபோர்னியாவிலிருந்து 11,000 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பான் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அமெரிக்காவால் நேரத்துக்குப் போய்ச் சேரவும் முடியாது. அந்தப் பயத்தில்தான் 1907 டிசம்பரில் 16 போர்க்கப்பலை வெள்ளையடித்து உலகம் சுற்ற அனுப்பினார்.

புறக்கோட்டை எழுதியது:

நீங்கள் கதைக்கிற அந்த வெள்ளைக் கப்பல் படை 1908 டிசம்பரில் எங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்தது. மணிலாவிலிருந்து புறப்பட்டு, கொழும்பில் தரித்து, சூயஸ் வழியாகப் போனார்கள். 14,000 மாலுமிகள் அளவில் இருந்த படை அது.

இதில் நான் கவனிக்கிற விஷயம் நிலக்கரி. அந்தப் பயணம் முழுக்க அவர்களுக்கு நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தவை பெரும்பாலும் வாடகைக்குப் பிடித்த வெளிநாட்டுக் கப்பல்கள், அதிலும் பிரிட்டிஷ் கப்பல்களே அதிகம். பிரிட்டன் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் பாதி வழியில் நின்றிருப்பார்கள். 1898-லும் இதே பாடு. போர் மூண்டதும் பிரிட்டன் நடுநிலை என்று சொல்லி டூவியின் கப்பல்களை ஹாங்காங்கை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டது, முன்னரே ஒரு நிலக்கரிக் கப்பலை வாங்கி வைத்திருந்ததால்தான் அவரால் மணிலாவுக்குப் போக முடிந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் 1890-களில் கடல் வலிமை பற்றி எழுதியவை ஏன் அவ்வளவு எடுபட்டன என்பது இதை யோசித்தால் விளங்கும். ஒரு நிலக்கரி நிலையத்துக்காக ஒரு தீவு, அந்தத் தீவைக் காக்க இன்னொரு தீவு என்று போய்க்கொண்டே இருந்தது.

கால்வாய்க்கரை எழுதியது:

கடலோடிக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அது பசிபிக்கில் இல்லை, கரீபியனில்.

1903 ஆகஸ்டில் கொலம்பியாவின் செனட், அமெரிக்காவோடு போட்ட பனாமாக் கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது. நவம்பர் 3-ல் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்தது, அதற்கு முதல் நாளே நாஷ்வில் என்ற அமெரிக்கக் கப்பல் கொலோன் துறைமுகத்துக்கு வந்து நின்றுவிட்டது. நவம்பர் 18-ல் பனாமா சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பூனோ-வாரியா என்ற பிரெஞ்சு எஞ்சினியர், பனாமாவின் பிரதிநிதிகள் வாஷிங்டன் வந்து சேரும் முன்பே. 1 கோடி டாலர் முன்பணம், வருஷத்துக்கு 2.5 லட்சம், அதற்கு 16 கிலோமீட்டர் அகல நிலம் காலத்துக்கும்.

கட்டியவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. கூலிகளில் பெரும்பாலானவர்கள் பார்படோஸிலிருந்தும் மற்ற கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினத்தவர். சம்பளப் பட்டியல் இரண்டு, தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல். வெள்ளைக்கார அமெரிக்கர்களுக்குத் தங்கக் காசில், இவர்களுக்கு வெள்ளிக் காசில். தபால் நிலையத்தில் தனி ஜன்னல், கடையில் தனி வாசல், குடியிருப்பு தனி, பள்ளிக்கூடம் தனி. அமெரிக்கா கட்டிய காலத்தில் நோயிலும் விபத்திலும் செத்ததாகப் பதிவானவர்கள் சுமார் 5,600 பேர், அவர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளிப் பட்டியல்காரர்கள்.

கால்வாய் திறந்த நாள் 1914 ஆகஸ்ட் 15, ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இனி கால்வாய்க்குப் போகும் வழியில் எந்தத் தீவிலும் ஜெர்மனி கால் வைக்கக் கூடாது என்ற கவலை பிடித்துக்கொண்டது. 1914 டிசம்பர் 17-ல் அமெரிக்க மரைன் வீரர்கள் ஹெய்ட்டி தேசிய வங்கிக்குள் போய் 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்து மச்சாயஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1915 ஜூலையில் ஹெய்ட்டியையே பிடித்தார்கள், 1916-ல் பக்கத்து டொமினிக்கன் குடியரசை. டென்மார்க்கிடமிருந்து வர்ஜின் தீவுகளை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டது 1917 மார்ச் 31. போர் அறிவிப்புக்கு ஆறு நாள் முன்னால்!

இப்போது சிம்மர்மன் தந்தியை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். ஜனவரி 16-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அனுப்பியது, பிரிட்டிஷ் உளவுத்துறை நடுவில் பிடித்துப் படித்து அமெரிக்காவிடம் கொடுத்தது, மார்ச் 1-ல் பத்திரிகைகளில் வந்தது. அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ நம்மோடு சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பெர்ஷிங்கின் படை மெக்சிகோவை விட்டு வெளியே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் அந்தத் தந்தி அமெரிக்கர்களை அப்படிச் சுட்டது. போர் வேண்டாம் என்றிருந்த டெக்சாஸ்காரனுக்கு நீர்மூழ்கி தூரத்துச் செய்தி, மெக்சிகோ வாசற்படி.

தென்றல்77 எழுதியது:

ஒரு சந்தேகம். போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917-ல் குடியுரிமை கொடுத்ததே அவர்களைப் போருக்கு அனுப்பத்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், உண்மையா?

கால்வாய்க்கரை எழுதியது:

தேதிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குடியுரிமைச் சட்டம் 1917 மார்ச் 2, போர் ஏப்ரல் 6, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் மே 18. ஆனால் அந்தக் குடியுரிமை மசோதா பல வருஷமாகக் காங்கிரஸில் கிடந்தது, படைக்கு ஆள் சேர்க்க என்று அதைக் கொண்டுவரவில்லை. போர்ட்டோ ரிக்கோவைக் கையை விட்டுப் போகாமல் கட்டிவைப்பது பெரிய நோக்கம். விளைவு என்று பார்த்தால் அந்தத் தீவிலிருந்து சுமார் 18,000 பேரைப் படையில் சேர்த்தார்கள். அவர்களின் படைப்பிரிவை அனுப்பியது பனாமாக் கால்வாயைக் காவல் காக்க.

அந்தத் தீவின் சட்ட நிலை தெரியவேண்டுமென்றால் 1901-ல் வந்த ஆரஞ்சுப்பழ வழக்கைப் பாருங்கள் தம்பி. டவுன்ஸ் என்ற வியாபாரி சான் ஹுவானிலிருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சு கொண்டுவந்தார், சுங்கத்தில் 659 டாலர் 35 சென்ட் தீர்வை கட்டச் சொன்னார்கள். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காதானே, உள்நாட்டுச் சரக்குக்கு எதற்குத் தீர்வை என்று வழக்குப் போட்டார். 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல, அரசியல் சட்டம் முழுமையாக அங்கே செல்லாது. அந்தத் தீர்ப்பு வரிசையை இன்றைக்கும் முழுமையாக மாற்றவில்லை. அங்கே வசிக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லை.

வைகைக்கரை எழுதியது:

நம்ம ஊர் ஆள் ஒருவர் இந்தக் கதைக்குள் வருகிறார், அதனால் எழுதுகிறேன். எஸ். சுப்பிரமணிய ஐயர், மதுரையில் 1842-ல் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து தற்காலிகத் தலைமை நீதிபதி பொறுப்பும் வகித்தவர், ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவர். 1917 ஜூன் மாதம் அன்னி பெசன்டை அரசு வீட்டுக்காவலில் வைத்தது. ஜூன் 24-ல் இவர் வில்சனுக்கே நேராக ஒரு கடிதம் எழுதினார். ஜனநாயகத்துக்காகப் போரிடுகிறோம் என்று உலகத்துக்குச் சொல்கிறீர்கள், உங்கள் கூட்டாளி இந்தியாவை என்ன செய்து வைத்திருக்கிறான் என்று பாருங்கள், தன்னாட்சி தருவதாக உறுதி கொடுத்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள் என்று அதில் இருந்தது. தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும் என்பதால் ஹாட்ச்னர் என்ற அமெரிக்க பிரம்மஞான சபைத் தம்பதியர் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

1918-ல் விஷயம் வெளியே வந்ததும் லண்டனில் பெரிய கூச்சல். இந்திய விவகார அமைச்சர் மான்டேகு பாராளுமன்றத்தில் கடுமையாகத் தாக்கிப் பேசினார். இவர் என்ன செய்தார் தெரியுமா? சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார், 75 வயதில். தாகூர் பட்டத்தைத் திருப்பியது 1919-ல், இது அதற்கு முந்தைய வருஷம். சென்னையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

கடலோடி எழுதியது:

வைகைக்கரை, இந்தக் கடிதம் என் வாதத்துக்குள்ளேயே வந்து உட்காருகிறது. சென்னையிலிருந்து ஒரு முதியவர் வில்சனை நம்பி எழுதிய அதே மாதங்களில் வில்சனின் மரைன் வீரர்கள் ஹெய்ட்டியில் விவசாயிகளைப் பிடித்துக் கயிற்றில் கட்டி, கூலி இல்லாமல் சாலை போட வைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சியின் தலைவர் சார்ல்மேன் பெரால்டை 1919-ல் சுட்டுக் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படம் எடுத்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். சுயநிர்ணயம் பற்றி வில்சன் பேசியதை நான் பொய் என்று சொல்லவில்லை, போலந்துக்கும் செக் மக்களுக்கும் அது கிடைத்தது. ஹெய்ட்டிக்கும் நமக்கும் அவர் கணக்கில் இடமே இல்லை.

உப்புக்காற்று எழுதியது:

ஹெய்ட்டி விஷயத்தில் வில்சனுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அவருடைய 1916 சட்டத்தை மறக்காதீர்கள், ஆசியாவில் தன் காலனிக்கு விடுதலை தருவேன் என்று சட்டத்திலேயே எழுதிய வேறு வல்லரசு அப்போது கிடையாது. பிரிட்டனும் பிரான்ஸும் ஹாலந்தும் அப்படிக் கனவில்கூட நினைக்கவில்லை. 1946 ஜூலை 4-ல் கொடுக்கவும் செய்தார்கள்.

கடலோடி எழுதியது:

1916 சட்டத்தில் தேதி கிடையாது நண்பரே, நிலையான அரசு அமைந்த பிறகு என்றுதான் இருக்கிறது. தேதி குறித்தது 1934-ல் வந்த டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்று தள்ளியவர்களில் அமெரிக்கச் சர்க்கரை விவசாயிகள் இருந்தார்கள், தீர்வை இல்லாமல் வரும் பிலிப்பைன்ஸ் சர்க்கரை அவர்கள் விலையைக் கெடுத்தது. கலிபோர்னியாவில் பிலிப்பைன்ஸ் கூலிகள் வரக்கூடாது என்று குரல் கொடுத்த தொழிற்சங்கங்களும் இருந்தன. விடுதலை 10 வருஷ இடைக்காலத்துக்கு அப்புறம், ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்களை வெளிநாட்டவராக எண்ணி வருஷத்துக்கு 50 பேர் மட்டும் வரலாம் என்று கதவை அடைத்தது உடனடியாக.